போவதற்கு ஒரு காரணம்

‘பிடிக்கும்’ என்பது தமிழில் கொஞ்சம் விநோதமான வினைச்சொல். நான் எதையும் பிடிப்பதில்லை, எனக்குப் பிடிக்கிறது. சளி பிடிக்கிற மாதிரி, பேய் பிடிக்கிற மாதிரி, எங்கிருந்தோ ஒன்று வந்து ஆளைப் பிடித்துக்கொள்கிறது. ‘எனக்கு மலைன்னா பிடிக்கும்’, ‘அவருக்கு வெளியூரே பிடிக்காது’ என்றெல்லாம் பேசும்போது இந்த இலக்கணத்தை நாம் கவனிப்பதில்லை. ரத்த வகையைச் சொல்வது போலத்தான் பயண விருப்பத்தையும் சொல்லிக்கொள்கிறோம். ஏதோ பிறக்கும்போதே உடம்போடு வந்ததாக.

நம்முடைய பயண எழுத்தும் பெரும்பாலும் இதையே சொல்கிறது. சாலை கூப்பிட்டது, மலை கூப்பிட்டது, கால்கள் தானாக நடந்தன. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜத்தில் ஒரு ஆள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சாலை கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு குரல் கூப்பிடுகிறது: ‘எதுக்குப் போறே?’ அந்தக் கேள்விக்குச் சொல்லத்தக்க பதில்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. எழுதி மாட்டியிருக்க மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். வேலை, வைத்தியம், கல்யாணம், சாவு, நேர்த்திக்கடன். ஆணுக்கு ஒரு பட்டியல், பெண்ணுக்கு ஒரு பட்டியல். சாதிக்கும் தொழிலுக்கும் ஏற்றபடி அது நீளும், குறுகும். நாம் ரசனை என்று சொல்வது அந்தப் பட்டியலுக்குள் முளைத்து வளர்கிற ஒன்று என்று நினைக்கிறேன். இந்தக் கோணத்தில் சில பிரதிகளை வாசித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. என் பட்டியல் வத்திராயிருப்பில் தயாரானது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வத்திராயிருப்பு தெரியாதவர்களுக்கு: விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். வயலும் தென்னந்தோப்பும் உள்ள ஊர். ஒரு பக்கம் பிளவக்கல் அணை, இன்னொரு பக்கம் சதுரகிரிக்கு ஏறுகிற தாணிப்பாறை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கேயிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் ராஜபாளையம். இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு இரண்டு பெண்களின் பயணக் கதைகள் சொந்தம். ஒன்று ஆண்டாளுடையது, இன்னொன்று நல்லதங்காளுடையது.

ஆண்டாள் என்றதும் எல்லோருக்கும் திருப்பாவைதான் ஞாபகம் வரும். நாச்சியார் திருமொழியின் பன்னிரண்டாம் பதிகத்தை எடுத்து, பக்தியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பயணப் பட்டியலாக வாசித்துப் பாருங்கள். பத்துப் பாட்டு. கடைசிப் பாட்டு, பாடினால் என்ன பலன் என்று சொல்வது. மற்ற ஒன்பதிலும் பாட்டுக்கு ஓர் இடம் வருகிறது. மதுராபுரியின் அருகே, ஆயர்பாடி, நந்தகோபனின் வாசல், யமுனைக் கரை, காளியன் கிடந்த பொய்கை, கண்ணனுக்குச் சோறு கிடைத்த பக்தவிலோசனம், பாண்டீர ஆலமரம், கோவர்த்தனம், கடைசியில் துவாரகை. ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் வடக்கே ஒரு முழுச் சுற்றுலாவையே போட்டுவிடுகிறாள்.

இந்தப் பட்டியல் அவளுக்கு எங்கேயிருந்து வந்தது? அப்பாவிடமிருந்து. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்தவர் பெரியாழ்வார் என்பது மரபு. அவருடைய திருமொழியில் கண்ணனின் பிள்ளைப் பருவம் கிட்டத்தட்ட நாள்வாரியாகவே வருகிறது. பிறந்தது, தவழ்ந்தது, வெண்ணெய் தின்றது, பாம்பின் மேல் ஆடியது, மலையைத் தூக்கியது. அந்தக் கதைகள் புழங்கிய வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குப் போக ஆசைப்படுகிற இடங்கள் வேறு எதுவாக இருந்திருக்கும்? பத்து மைலில் இருக்கிற மலை அந்தப் பதிகத்தில் கிடையாது. கதையில் கேட்ட ஆலமரம் இருக்கிறது. குழந்தையாக இருக்கும்போது எந்த ஊர்ப்பெயர் காதில் விழுகிறதோ அந்த ஊர் பக்கத்து ஊராகிவிடுகிறது.

இந்தப் பதிகத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது அதன் வினைச்சொல். ‘போகிறேன்’ என்று அவள் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்றுதான் பாட்டுக்குப் பாட்டு சொல்கிறாள். இரண்டாவது, மூன்றாம் பாட்டில் வரும் ஒரு பயம். அப்பா அம்மா சொந்தபந்தம் எல்லாம் இருக்க, இவள் பாட்டுக்குத் தனியாகக் கிளம்பிப் போய்விட்டாள் என்று ஊர் பேசிவிடும், அந்தப் பேச்சு வந்துவிட்டால் பிறகு பழியைத் துடைக்க முடியாது, அதற்கு முன்னாலேயே, நடுராத்திரியில், என்னைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறாள். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய பாட்டு. இன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு பெண் கோவைக்கு வேலைக்குப் போனாலும் இதே பேச்சுதான் முதலில் வருகிறது. ஆண்டாளின் விருப்பம் எவ்வளவு பெரியதோ, அதைச் சுற்றி இருந்த கட்டுப்பாடும் அவ்வளவு பெரியது. அந்த இரண்டையும் ஒரே பதிகத்தில் அவள் எழுதிவைத்திருக்கிறாள். நல்ல பயண எழுத்துக்கு இது ஒரு அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது. போக நினைத்த இடம் மட்டும் அதில் இருந்தால் போதாது. போகவிடாமல் நின்றது எது என்பதும் தெரிய வேண்டும்.

நல்லதங்காள் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் நடக்கிறது. வத்திராயிருப்புப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோவில் இருக்கிறது. அவள் விழுந்ததாகச் சொல்லும் கிணறும் அங்கேதான். பெரிய எழுத்துப் புத்தகமாக, கூத்தாக, சினிமாவாகத் தமிழ்நாடு முழுக்கப் போன கதை. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள். பஞ்சம் வருகிறது. ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்து வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள்.

இதைப் பஞ்சக் கதையாக வாசிக்கலாம், அண்ணன் தங்கை பாசக் கதையாக வாசிக்கலாம், அப்படித்தான் வாசித்திருக்கிறோம். பயணக் கதையாகவும் வாசிக்கலாம். சோறு இல்லாத ஊரை விட்டுக் கிளம்புகிற பெண்ணுக்கு உலகத்தில் போக ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது: பிறந்த வீடு. வேறு ஊர், வேறு வேலை, வேறு சத்திரம் எதுவும் அவள் பட்டியலில் இல்லை. அந்த ஒரு கதவும் சாத்தப்பட்டபோது மிச்சம் இருந்தது கிணறு. எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்கிற பாடம், ‘அண்ணன் வீடுன்னாலும் அழைக்காமப் போகக் கூடாது’ என்பது. ஏற்கெனவே ஒரே வரி இருந்த பட்டியலில் அந்த வரிக்கும் ஒரு நிபந்தனை சேர்ந்துவிட்டது.

இந்தக் கதைகள் நடமாடுகிற ஊரில்தான் என் அம்மா வளர்ந்தார். ‘அம்மாவுக்கு ஊர் சுத்தறது பிடிக்காது’ என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் அந்தப் ‘பிடிக்காது’க்குள் நிறைய சாமான்கள் இருக்கின்றன. பஸ்ஸில் போனால் வாந்தி வரும், கையில் எலுமிச்சம்பழம் வேண்டும். வழியில் பெண்கள் போகிற மாதிரிக் கழிப்பறை இருக்காது, அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். தண்ணீர் குடிக்காததால் தலைவலி. தலைவலியால் இறங்கின ஊர் ரசிக்காது. திரும்பி வந்தால் இரண்டு நாள் பாத்திரமும் துணியும் குவிந்து கிடக்கும். இத்தனையையும் ஒவ்வொரு தடவையும் விளக்குவதைவிட ‘எனக்குப் பிடிக்காதுப்பா, நீங்க போயிட்டு வாங்க’ என்பது சுலபம். சொல்லிச் சொல்லி அதுவே உண்மையாகியும் விடுகிறது.

நார்வேக்காரரான யோன் எல்ஸ்டர் 1983-இல் எழுதிய ஒரு புத்தகத்துக்கு, நரியும் புளித்த திராட்சையும் கதையிலிருந்துதான் தலைப்பு வைத்தார். எட்டாததை விரும்பாமல் இருக்க மனசு தன்னைத்தானே பழக்கிக்கொள்கிறது என்பது அவருடைய வாதம். நரி பொய் சொல்லவில்லை, அதற்கு இப்போது திராட்சை நிஜமாகவே வேண்டாம். இதில்தான் சிக்கல். ஒருவருடைய விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று படித்தவர்கள் நாம். ‘பிடிக்காது’ என்று சொல்கிறவரை விட்டுவிட்டுக் கிளம்புவது மரியாதையா, இல்லை அவருக்கு நடந்த அநியாயத்தை நாமும் ஒரு தடவை செய்வதா?

ஆண்களுக்குப் பட்டியல் எப்போதும் நீளம்தான். அதிலும் எல்லா ஆண்களுக்கும் ஒரே நீளம் இல்லை. இதற்கு ஏ.கே. செட்டியாரைவிட நல்ல உதாரணம் தமிழில் கிடையாது. கோட்டையூரில் 1911-இல் பிறந்தவர். ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகிற கப்பலில் காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற யோசனை அவருக்கு வந்தது. அதற்காகப் பல நாடுகள் சுற்றி, யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். படம் 1940-இல் வந்தது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ புத்தகமும் அதே ஆண்டில்தான்.

தனி மனித சாகசமாக இதைச் சொல்வது வழக்கம். சாகசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் எந்த வீட்டிலிருந்து கிளம்பினார் என்பதையும் பாருங்கள். நகரத்தார் வீடுகளில் பர்மா, மலேயா, சைகோன் என்பதெல்லாம் சாப்பாட்டுப் பேச்சில் வருகிற ஊர்கள். வட்டித்தொழிலுக்குக் கடல் தாண்டுவதற்கு அவர்களிடம் ‘கொண்டுவிக்கப் போவது’ என்று தனி வார்த்தையே உண்டு. ஆண்கள் போவார்கள், வருடக்கணக்கில் பெண்கள் பெரிய வீடுகளைக் காத்துக்கொண்டிருப்பார்கள். அதே காலத்தில் கடல் தாண்டினால் தீட்டு என்று பயந்த வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய இருந்தன. கூலியாகக் கங்காணியின் பின்னால் கடல் தாண்டியவர்களும் இருந்தார்கள். ஒரே வங்காள விரிகுடா, ஒருவருக்கு வியாபார வழி, ஒருவருக்குப் பாவம், ஒருவருக்குக் கடன் கணக்கு. பியர் போர்தியூ 1979-இல் வந்த தன் புத்தகத்தில் பிரான்சு மக்களின் ரசனைகளை வர்க்க வாரியாகப் பிரித்துக் காட்டியபோது சொன்னது ஏறக்குறைய இதுதான். ரசனை என்பது வீட்டிலேயே உடம்பில் ஏறிவிடுகிற பழக்கம், நாம் அதைத் தேர்ந்தெடுத்ததாக நம்புகிறோம்.

செட்டியாரின் பெருமை அந்தப் பழக்கத்தை அவர் என்ன செய்தார் என்பதில் இருக்கிறது. கப்பல் ஏறுவதற்கு வீடு கொடுத்த காரணம் வியாபாரம். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அவர் வேறொரு சரக்கைத் தேடிப் போனார். எழுத்திலும் தன்னை முன்னால் நிறுத்திக்கொள்வது அபூர்வம். தன் கட்டுரைகளோடு நிற்காமல், மற்றவர்கள் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய் எழுதிய பழைய கட்டுரைகளையும் தேடித் தொகுத்து வைத்தார். அந்தத் தொகுப்பை வாசித்தால் வண்டிச் சத்தம், சத்திரத்துச் சாப்பாடு, யார் எங்கே தங்க இடம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் கண்ணில் படும். காரணங்கள் தெரிகிற எழுத்து அது.

என் தலைமுறைக்குப் பயணம் என்றால் எஸ். ராமகிருஷ்ணனின் ‘தேசாந்திரி’. அவருடைய மல்லாங்கிணறும் எங்கள் விருதுநகர் மாவட்டம்தான். விகடனில் தொடராக வந்து புத்தகமானது. பொறியியல் கல்லூரி விடுதியில் அந்தப் புத்தகம் அறை அறையாகச் சுற்றியது. செமஸ்டர் முடிந்ததும் எங்கே போகிறோம் என்று தெரியாமல் ரயில் ஏறினால்தான் பயணம் என்று நாங்கள் சிலர் நம்பினோம். அதற்கு முன் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போன எங்களுக்கு, இடிந்த மண்டபத்தின் முன்னால் சும்மா ஒரு மணி நேரம் உட்காரலாம் என்று சொல்லிக்கொடுத்தது அந்தப் புத்தகம். அது சின்ன உதவி இல்லை.

இன்று திரும்ப வாசிக்கும்போது எனக்கு ஒரு குறை தெரிகிறது. அதில் வரும் பயணி பெரும்பாலும் தனியாள். காரணம் கேட்கப்படாதவன். அவன் கிளம்பும் வீட்டைவிடப் போய்ச் சேரும் இடிபாடு நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. தேசாந்திரி என்கிற அந்த உருவத்தின் வசீகரமே ‘எதுக்குப் போறே?’ என்ற கேள்வி அங்கே இல்லை என்பதுதான். ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் போவது எல்லோருக்கும் வாய்க்கிற நிலை இல்லை. ஆணுக்கு, அதிலும் போகிற ஊரில் ‘நீங்க என்ன ஆளுக?’ என்று கேட்டால் பயப்படாமல் பதில் சொல்ல முடிகிற ஆணுக்கு வாய்ப்பது. என் விடுதி நண்பன் ஒருவன், தலித், எங்களோடு எங்கும் வருவான், ஆனால் கிராமத்துத் திண்ணைகளில் மட்டும் தங்க மாட்டான். லாட்ஜ்தான் வேண்டும் என்பான். அவனுக்கு வசதி பிடிக்கும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். லாட்ஜில் பெயரும் ஊரும் எழுதினால் போதும், திண்ணையில் பேச்சுக் கொடுக்க வேண்டும். அவனுடைய ரசனைக்கு அதுதான் காரணம் என்பதை அவன் வாயால் சொல்லாமலே நாங்கள் புரிந்துகொண்டிருக்கலாம்.

அப்படியென்றால் வளர்ப்பு போட்ட கோட்டுக்குள்ளேதான் எல்லோரும் சுற்றுகிறோமா? இல்லை. கோட்டைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் அதை அழித்துவிட்டுத் தாண்டுவதில்லை, கொடுத்த காரணத்தையே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நீட்டுகிறார்கள். ராஜம் கிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். கணவர் மின்துறைப் பொறியாளர். அவருடைய வேலை நிமித்தம் நீலகிரிக்குப் போனார். அந்தக் காலத்தில் ஒரு மனைவிக்கு இதைவிடச் சுத்தமான காரணம் கிடையாது. அங்கே இருந்துகொண்டு படுகர் வாழ்க்கையைக் கவனித்து ‘குறிஞ்சித்தேன்’ எழுதினார். பிறகு உப்பளத் தொழிலாளர்களைப் பார்க்கத் தூத்துக்குடிப் பக்கம் போனார், அது ‘கரிப்பு மணிகள்’ ஆனது. கணவரின் இடமாற்றத்தில் ஆரம்பித்த பயணம், கடைசியில் அவருடைய சொந்த வேலையின் பயணமாகிவிட்டது. அவர் எழுதியவை நாவல்கள், பயணநூல்கள் என்று யாரும் அலமாரியில் வைப்பதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் தமிழ்நாட்டை அவ்வளவு தூரம் நடந்து பார்த்த எழுத்தாளர்கள் எத்தனை பேர்?

எழுதாதவர்களும் இதைச் செய்கிறார்கள். என் பெரியம்மா கடலை முதலில் பார்த்தது மேல்மருவத்தூர் புண்ணியத்தில். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் செவ்வாடை கட்டிய பெண்கள் வேன் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புவது தை மாசத்துக்கு முன்னால் சாதாரணக் காட்சி. அந்த சீசனில் மேல்மருவத்தூரில் நிற்காத ரயில்களையும் ரயில்வே நிறுத்திவிட்டுப் போகும், அவ்வளவு கூட்டம். பெண்கள் கருவறைக்குள் போகலாம், மாதவிலக்குத் தடை இல்லை என்பதை வைத்து அந்த வழிபாட்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். அதன் பயண வரலாற்றை யாரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை. புருஷன் துணை இல்லாமல், பெண்களாகச் சேர்ந்து, நானூறு கிலோமீட்டருக்கு மேல். போகிற வழியில் ஸ்ரீரங்கம், சமயபுரம். தரிசனம் முடிந்ததும் ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு’ என்று மகாபலிபுரம். இந்த ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு’ என்ற வாக்கியம் தமிழ்ப் பெண்களின் பயண இலக்கியத்துக்கே தலைப்பாக வைக்கத் தகுந்தது. சாமி வாசல் வரைக்கும் வீடு அனுமதித்த பயணம். அதற்கு மேல் உள்ள ஐம்பது கிலோமீட்டர் அவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டது. பெரியம்மா கடலைப் பற்றித்தான் இன்றைக்கும் பேசுவார். அம்மன் அலங்காரம் பற்றி ஒரு வரி, அலை பற்றி அரை மணி நேரம்.

எது நல்ல காரணம், எது கெட்ட காரணம் என்று சமூகம் பிரித்து வைத்திருப்பது, அசம்பாவிதம் நடக்கும்போது பளிச்சென்று தெரியும். 2015 மே மாதம், அமாவாசையை ஒட்டிச் சதுரகிரிக்கு ஏறியவர்களைத் திடீர் வெள்ளம் அடித்தது. பக்தர்கள் இறந்தார்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி, அதே மலைத்தொடரில் வடக்கே தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறிவிட்டு இறங்கியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னையிலிருந்து வந்த குழுவில் பெரும்பாலோர் பெண்கள். என் மாதிரிக் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களும் அதில் இருந்தார்கள்.

முதல் சம்பவத்தின்போது எங்கள் தெருவில் கேட்ட பேச்சு: ‘அந்த மலையில உசுரு போறதுக்கும் கொடுத்து வச்சிருக்கணும்.’ ஓடையில் தண்ணீர் வந்தால் என்ன ஏற்பாடு, எத்தனை பேரை மேலே விட்டார்கள் என்ற கேள்விகள் பிறகுதான் வந்தன. இரண்டாவது சம்பவத்தின்போது எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் வந்த முதல் செய்தி: ‘பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்த வேலை?’ வெந்து கிடந்தவர்களின் பெயர் முழுசாகத் தெரிவதற்கு முன்னால் வந்துவிட்டது அந்தச் செய்தி. அனுப்பியவர் வருடா வருடம் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர். வழுக்குப்பாறையில் கால் பதறிய கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர். மலை ஏறும் ஆசை அவருக்கும் அந்தப் பெண்களுக்கும் ஒன்றேதான் என்பது என் எண்ணம். மூச்சு வாங்க ஏறி, உச்சியில் காற்று முகத்தில் அடிக்கும்போது வருகிற சந்தோஷத்துக்கு இரண்டு பேர் இல்லை. அவருக்கு அதைச் சொல்ல மகாலிங்கம் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெண்களிடம் ‘சும்மா’ என்பதைத் தவிர ஊர் ஒத்துக்கொள்கிற பெயர் இல்லை. செத்த பிறகும் அவர்களிடம் காரணம் கேட்டோம்.

அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு நடக்க இணையத்தில் முன்பதிவு செய்யும் வசதி வந்தது. எனக்கு இதில் சந்தோஷம். பாதுகாப்பு ஒரு பக்கம், ‘சும்மா நடக்கப் போகிறேன்’ என்பது முதல் தடவையாக ஒரு அரசாங்க ரசீதில் காரணமாக ஏறியிருப்பது இன்னொரு பக்கம்.

எங்கள் துறையில் இருப்பவர்கள் இந்த இடத்தில், நாங்கள் இதிலிருந்து விடுபட்டுவிட்டோம் என்று நினைக்கலாம். சம்பளம் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை, லீவு போட்டால் மணாலி. ஆனால் எல்லோரும் ஏன் அதே மணாலி? அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை ‘வீக்கெண்ட் எங்கே?’ என்பதும் ‘எதுக்குப் போறே?’ மாதிரி ஒரு கேள்விதான், திருப்பிப் போட்ட கேள்வி. இங்கே போகாமல் இருந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமில் பார்த்த அதே பாலத்தில், அதே கோணத்தில் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆண்டாளின் பதிகம் ஞாபகம் வரும். கேட்ட கதைகளின் இடங்களுக்குத்தான் நாமும் போகிறோம். கதை சொல்கிறவர் மாறிவிட்டார், பெரியாழ்வார் இருந்த இடத்தில் ஒரு அல்காரிதம் இருக்கிறது. மென்பொருளில் ‘டிஃபால்ட்’ என்று ஒன்று உண்டு, யாரும் தொடாவிட்டால் இருக்கிற அமைப்பு. பெரும்பாலானவர்கள் அதை மாற்றுவதே இல்லை. அதை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதினார் என்பது அந்த நிரலைத் திறந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

தமிழில் இனி வரும் பயண எழுத்திடம் நான் எதிர்பார்ப்பது அந்தத் திறந்து பார்த்தலைத்தான். போன இடத்தின் வரலாறு விக்கிப்பீடியாவில் கிடைக்கிறது, படம் யூடியூபில் கிடைக்கிறது. கிளம்பிய வீட்டின் வரலாறு எழுதுகிறவரிடம் மட்டும்தான் இருக்கிறது. யார் பணம் கொடுத்தார்கள், யார் வேண்டாம் என்றார்கள், நீங்கள் இல்லாத நாலு நாள் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், வழியில் எந்தக் கேள்விக்குப் பொய் சொன்னீர்கள், அந்த ஊரின் பெயரை முதலில் யார் வாயில் கேட்டீர்கள். இதையெல்லாம் எழுதினால் பயணத்தின் மாயம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆண்டாள் பழிச்சொல்லின் பயத்தையும் எழுதியிருக்கிறாள், துவாரகையின் ஒளி அதனால் குறைந்துவிடவில்லை. சிவகாசிக் கம்பெனி வண்டியில் விடியற்காலை ஏறி ராத்திரி திரும்புகிற எங்கள் பக்கத்துப் பெண்கள் வருடத்துக்கு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போகிறார்கள் என்று கணக்குப் போட்டால் பல பயண எழுத்தாளர்கள் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். ஜன்னல் வழியாக அவர்கள் பார்த்தது என்ன என்று நமக்கு இதுவரை யாரும் எழுதித் தரவில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பொருளாதாரம் பேசுகிறவர்கள் மாதம் எவ்வளவு மிச்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் நான் கவனித்தது வேறு. டிக்கெட்டுக்குக் காசு வாங்க வேண்டியதில்லை என்றால் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. ஊர் சுத்தறது பிடிக்காத என் அம்மா இப்போது மாதத்தில் இரண்டு தடவையாவது வத்திராயிருப்பில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறார். முதலில் வெள்ளிக்கிழமை ஆண்டாள் கோவில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பால்கோவா வாங்க என்றார். போன மாதம் போனில், எதுக்கும்மா போனே என்று நான் கேட்டதற்கு, ‘சும்மாதான், பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்’ என்றார்.